நரம்புத் தளர்ச்சி என்னும் பொய்ப்பெயர்

தமிழில் ‘நரம்பு’ என்பது பலபொருள் குறித்த ஒரு சொல். யாழில் கட்டிய தந்தியை நம் முன்னோர் நரம்பு என்றனர். இலையில் ஓடும் கோட்டையும் நரம்பு என்கிறோம். முன்கையில் நீலமாய்ப் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயைச் சுட்டி நரம்பு என்பர் நம் ஊர் மக்கள்; அதில் ஏற்றும் மருந்து அவர்களுக்கு ‘நரம்பு ஊசி’. மருத்துவ நூலாரோ, மூளையினின்றும் தண்டுவடத்தினின்றும் கட்டளை சுமந்து செல்லும் இழைக்கு அப்பெயரை வழங்குகின்றனர். இலக்கண வகுப்பில் இப்பொருட்பன்மை சுவை பயப்பது. ஆனால், தம் மகனின் கை ஏன் நாளுக்கு நாள் மெலிகிறது என்று கேட்டு ஊர் ஊராய் அலையும் பெற்றோர்க்கு இது பெருந்தீங்கு விளைக்கிறது. ‘நரம்புத் தளர்ச்சி’ என்னும் ஒரு தொடரைச் சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிட முடிகிறது. அத்தொடரைத் தமிழ் வழக்கினின்றும் நீக்க வேண்டும் என்பதும், அதனால் மறைக்கப்பட்டுக் கிடக்கும் ஒரு நோயை அதன் உரிய பெயரால் அறிந்துகொள்ள வேண்டும் என்பதுமே நம் கருத்து.

இத்தொடரின் பிறப்பே ஐயத்திற்குரியது. 1869ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு என்பார் களைப்பு, தலைவலி, மனச்சோர்வு எனப் பலவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, நரம்பின் ஆற்றல் வற்றுவதால் இவை வருகின்றன என்று கூறி, ‘நியூராஸ்தீனியா’ என்ற பெயரைப் பரப்பினார். மருத்துவ உலகம் அப்பெயரைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. தமிழ்நாட்டின் சுவர்கள் இன்னும் கைவிடவில்லை. பேருந்து நிலையச் சுவர்களில் அச்சொல்லை எழுதி வைத்து, விடுதி அறைகளில் நாள் குறித்து வந்து அமரும் வைத்தியர்கள் அதனால் எதைக் குறிக்கின்றனர் என்பதை இம்மலரில் விரித்துரைத்தல் முறையன்று, மாணவர் அறிவர். அதே 1869இல் பாரிஸ் நகரில் ழான் மார்ட்டின் ஷார்க்கோ என்னும் மருத்துவப் பேரறிஞர், இயக்கத்திற்குரிய நரம்பணுக்கள் உண்மையாகவே அழியும் நோயொன்றை ஆராய்ந்து எழுதத் தொடங்கினார். அவருடைய ஆராய்ச்சி நம் மக்களை வந்தடையவில்லை. பியர்டின் பெயர்தான் வந்தடைந்தது.

இதனை நாம் ஏட்டறிவால் மட்டும் எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு மாணவர் பயின்றார். திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையைச் சேர்ந்தவர். இளங்கலை இரண்டாம் ஆண்டில் அவருடைய கையெழுத்து சிதையத் தொடங்கிற்று. வருகைப் பதிவின்போது பெயரை அழைத்தால் மறுமொழி வராது. இருமுறை மும்முறை அழைத்தபின் அருகிருப்பவர் தட்டி எழுப்ப, அவர் எழுந்து சொல்லும் ‘உள்ளேன் ஐயா’ குழறி ஒலிக்கும், பின்வரிசையில் சிரிப்பெழும். நாம் அதனைக் கவனக்குறைவு என்றும், சில நாள்களில் கேலி என்றும் கொண்டோம். ஒருநாள் வகுப்பறைக்கு வெளியே நிற்குமாறு பணித்தோம். அடுத்த பருவத்தில் அவர் வரவில்லை. மாணவர் இடையில் நின்றுவிடுதல் கல்லூரிகளில் புதிதன்று. பதிவேட்டில் அவர் பெயரின்மேல் சிவப்புக் கோடிட்டோம்; மறந்தும் போனோம்.

சென்ற ஆண்டு மற்றொரு பழைய மாணவரின் திருமணத்திற்காகத் திருவண்ணாமலை சென்றபோது, உடன் வந்தோர் சொல்ல அவர் இல்லம் தேடிச் சென்றோம். மலையின் மேற்குப் புறத்தில், 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையின் மீது அவ்வூர் அமைந்துள்ளது. வீட்டின் முன்பகுதியில் கற்பூரமும் தண்ணீர்ப் பாட்டிலும் விற்கும் சிறு கடை. முழுநிலவு நாள்களில் இலட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடந்து செல்லும் அச்சாலையை நோக்கி அவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். கைகள் மெலிந்து, கட்டைவிரலடியிலுள்ள சதைமேடு வற்றிக் குழிந்திருந்தது. நம்மை அடையாளம் கண்டுகொண்டு எழ முயன்றார், நாம்தான் தடுத்தோம். அவர் தாயார் சொன்னார்: “நரம்புத் தளர்ச்சின்னே ஆறு வருசம் ஓட்டிட்டோம் சார். எண்ணெ தேய்ச்சோம், ஊசி போட்டோம், இருந்த நெலத்தையும் வித்தோம். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில மோட்டாரு நோவுன்னு ஏதோ சொன்னாங்க. எங்களுக்குத் தெரிஞ்சது கெணத்து மோட்டாரு ஒண்ணுதான் சார்.”

கிணற்று மோட்டாரைக் காட்டிலும் நல்ல உவமை இந்நோய்க்குக் கிடைத்தற்கரிது. கிணற்றில் மோட்டார் பழுதின்றி இருக்கிறது. பெட்டியில் மின்சாரமும் இருக்கிறது. இடையிலுள்ள கம்பிதான் இற்றுப்போகிறது. ஓடாத மோட்டார் நாளடைவில் துருவேறிப் போகும். தசையை மோட்டாராகவும், மூளையின் கட்டளையை மின்சாரமாகவும், இயக்க நரம்பணுவைக் கம்பியாகவும் கொள்க. மூளையினின்று தண்டுவடம் நோக்கி இறங்குவன மேல் நரம்பணுக்கள். அங்கிருந்து தசையைச் சென்றடைவன கீழ் நரம்பணுக்கள். மேலவை கெட்டால் தசை விறைக்கும். கீழவை கெட்டால் தசை மெலிந்து துவளும். தோலின் அடியில் புழு நெளிவதுபோல் துடிக்கும். தொடுவுணர்ச்சியும், சிறுநீர் மலத்தை அடக்கும் ஆற்றலும் பொதுவாகக் கெடுவதில்லை. விழியை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் இறுதிவரை துணைநிற்கும். சிலர்க்குச் சிந்தனையிலும் நடத்தையிலும் மாற்றம் தோன்றுவதுண்டெனினும், பலர்க்கு அறிவு தெளிவாகவே இருக்கும். இது தொற்றுவதன்று. சுவர் விளம்பரங்கள் அச்சுறுத்துவதுபோல் இளமைக்கால ஒழுக்கத்தால் வருவதும் அன்று. மருத்துவர் ‘மோட்டார் நியூரான் நோய்’ என்பதை நாம் தமிழில் ‘இயக்க நரம்பணு நோய்’ எனலாம்.

இந்நோய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று நம் தலைநகரின் பழைய பெயரைத் தாங்கி உலக மருத்துவ நூல்களில் வழங்கி வருவதைத் தமிழ் கற்றோரில் எத்தனை பேர் அறிவோம்? 1970ஆம் ஆண்டில் சென்னையில் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், நரம்பியல் அறுவை மருத்துவத்தில் புகழ்பெற்ற பி. இராமமூர்த்தி ஆகிய மூவரும், இளம்வயதினரிடம் தாம் கண்ட ஒரு தனிப்போக்கை எழுதி வெளியிட்டனர். அதுவே பின்னர் ‘மதராஸ் மோட்டார் நியூரான் நோய்’ எனப் பெயர் பெற்றது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். 1971 முதல் 2007 வரை அங்கு வந்த 116 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. நோயுற்றோரில் பெரும்பாலோர் தென்னிந்தியர். பதின்பருவத்தில், அதாவது பள்ளியிறுதிக்கும் பட்டப்படிப்புக்கும் இடைப்பட்ட வயதில், பலர்க்கும் இது தொடங்குகிறது. மெலிந்த உடல்வாகு, கைகால்கள் ஒருபக்கம் மிகுந்தும் ஒருபக்கம் குறைந்தும் வலுவிழத்தல், முகத்தசையும் நாவும் தளர்தல், பேச்சுக் குழறுதல், இவற்றோடு பெரும்பாலோர்க்குச் செவிப்புலன் குறைதல் ஆகியன இதன் அடையாளங்கள். கையெழுத்துச் சிதைவும், அழைப்புக் கேளாமையும், குழறிய ‘உள்ளேன் ஐயா’வும் நம் மாணவரிடத்தில் ஒருங்கே இருந்தன. ஓராண்டுக் காலம் அவற்றை நாள்தோறும் கண்டுகொண்டிருந்தவர் நாம். 

இந்த மதராஸ் வகை மெல்ல நடப்பது. பல்லாண்டுகள், முப்பது ஆண்டுகளுக்கு மேலும்கூட வாழ்வோர் உளர். நாம் வற்புறுத்த விரும்புவது இதனையே. உலகில் மிகுதியாகக் காணப்படும் ஏ.எல்.எஸ். என்னும் வகை பெரும்பாலும் நடுவயது கடந்தோர்க்கு வருவது. மூச்சுத் தசைகளையும் தாக்கிப் பலரை மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்குள் கொண்டுபோய்விடுகிறது. அதன் கணக்கையே எல்லார்க்கும் போட்டுப் பார்த்து நம்பிக்கை இழப்பவர் பலர். இங்கிலாந்தின் இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் 1963இல் தம் 21ஆம் வயதில் இந்நோய் உற்றவராக அறியப்பட்டார். இரண்டாண்டே வாழ்வார் எனக் கருதப்பட்டவர் 2018இல் தம் 76ஆம் வயதில் மறைந்தார். அது மிக அரிதான நிகழ்ச்சி. அதனை எல்லார்க்கும் பொதுவாக்கிப் பொய்நம்பிக்கை ஊட்டுதலும் தகாது. இளைஞர் சிலர்க்கு ஒரு கை மட்டும் மெலிந்து, சில ஆண்டுகளில் தானே நின்றுவிடும் மற்றொரு வகையும் உண்டு. ஜப்பானில் ஹிராயாமா 1959இல் கண்டெழுதிய அதனை, 1984இல் கௌரிதேவி முதலான மருத்துவர்கள் நம் நாட்டு நோயாளிகளிடத்தும் கண்டு எழுதினர். ஆகவே எவ்வகை என்று அறிவது இன்றியமையாதது. 

அறியும் வழி எளிதன்று. இரத்தப் பரிசோதனை ஒன்றினால் முடிவு கூற இயலாது. நரம்பியல் மருத்துவர் நேரில் ஆராய்ந்து, தசையின் மின்னோட்டத்தை ஊசியிட்டு அளந்து, கழுத்துத் தண்டுவடத்தை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்து, இதனைப் போலத் தோன்றும் பிறவற்றை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். அவ்வாறு விலக்கப்படும் பிறவற்றுள் மருந்தாலோ அறுவையாலோ சீராகக் கூடியவையும் உண்டு என்பதால், ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி ஊசி போட்டுக் கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் இருமடங்கு இழப்பு.

மருந்துகளைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிலுசோல், ஏ.எல்.எஸ். வகையினரின் வாழ்நாளைச் சில மாதங்கள் நீட்டிப்பதாக ஆய்வுகளில் கண்டனர். 2023இல் ஒப்புதல் பெற்ற டோஃபர்சென், ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு உடையோர்க்கு மட்டும் உரியது. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் ‘மருந்தில்லை’ என்பதைச் ‘செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று நம் மக்கள் மொழிபெயர்த்துக் கொள்கின்றனர். அம்மொழிபெயர்ப்புப் பிழையானது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக எண்ணுகிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, உடனிருந்து மருந்தளிப்பவரையும் சமமாக வைத்து எண்ணுகிறது. இந்நோயில் அந்த நான்காமவர் பெரும்பங்கு சுமக்கிறார்.

அவர் அறிந்திருக்க வேண்டியவற்றுள் முதன்மையானது மூச்சு. காலையில் எழும்போதே தலைவலி, பகலெல்லாம் உறக்கம், மல்லாந்து படுத்தால் திணறல் ஆகியன, மூச்சுத் தசைகள் தளர்ந்து உடலில் கரியமிலவாயு தேங்குவதன் அறிகுறிகள். இரவில் முகமூடி வழியே காற்றைத் தள்ளும் சிறு கருவி இதற்கு உதவுகிறது. விழுங்கும் ஆற்றலும் பேச்சும் மிகவும் கெடாத ஏ.எல்.எஸ். நோயாளிகளின் வாழ்நாளை அது ரிலுசோலினும் மிகுதியாக நீட்டித்ததை 2006இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வொன்று காட்டியது. மூச்சுத் திணறுகிறதே என்று வீட்டார் தாமாக ஆக்சிஜன் உருளையை வாங்கி வைத்துத் திறந்துவிடுதல் சிலவேளை தீங்காகவும் முடியும். மருத்துவரைக் கேட்டே செய்தல் வேண்டும். மின்தடை மிகுந்த ஊர்களில் அக்கருவிக்கு இன்வெர்ட்டர் ஒன்றும் தேவை.

அடுத்தது உணவு. நாவும் தொண்டையும் தளர்ந்தவர்க்குத் திட உணவினும் வெறுந்தண்ணீர் எளிதில் புரையேறும் என்பது பலரும் அறியாதது. உதிரும் பொருளும் ஆகாது. இட்லியைக்கூடச் சாம்பாரில் நன்கு ஊறவைத்துக் குழைத்துத்தான் தர வேண்டும். கெட்டியான கஞ்சி, தயிரிட்டுப் பிசைந்த சோறு, மசித்த வாழைப்பழம் ஆகியன ஏற்றவை. நிமிர்ந்து அமர்ந்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி விழுங்கினால் புரையேறுதல் பலர்க்குக் குறையும். உடல் எடை குறைந்துகொண்டே வருமாயின், வயிற்றில் நேரே குழாய் பொருத்தி உணவளிக்கும் முறையை மூச்சு மிகவும் தளர்வதற்கு முன்பே மேற்கொள்ளுதல் நலம் என்பர் மருத்துவர். ‘குழாய் போட்டால் எல்லாம் முடிந்தது’ என்று அஞ்சித் தள்ளிப்போடும் குடும்பங்களே மிகுதி.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இந்நோயுற்றோர் சிலர் காரணமின்றிக் குலுங்கிச் சிரிப்பர், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுவர். துக்க வீட்டில் சிரித்துவிட்டதற்காக அடிபட்டவரும் இருக்கக்கூடும். அது பித்தும் அன்று, பேயும் அன்று. சிரிப்பையும் அழுகையையும் அடக்கும் மூளைப் பாதை தளர்ந்ததன் விளைவு. அதற்கு மருந்தும் உண்டு. 

பேச்சைப் பற்றி எழுத வரும்போது தமிழாசிரியராகிய நமக்குச் சற்று விரித்துரைக்க உரிமை உண்டு எனக் கருதுகிறோம். தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடத்தும் பொருந்தி எழுத்தாவதைச் சொல்கிறது. ஆண்டுதோறும் அதனைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். இந்நோய் அந்த எட்டிடங்களுள் நாவையும் இதழையும் அண்ணத்தையும், முற்றிய நிலையில் காற்றையும் பறிக்கிறது. நாவை மடித்து எழுப்பும் டகர ழகர ளகரங்கள் மங்கும். அண்ணம் தளரின் சொல்லெல்லாம் மூக்கால் ஒலிக்கும். நம் மாணவர் பேசியவற்றுள் பாதியே நமக்கு விளங்கிற்று. அவருக்கோ நாம் பேசியவற்றுள் பாதியே கேட்டது. 

அவர் வீட்டில் ஓர் அட்டை வைத்திருந்தனர். பள்ளிப் பிள்ளைகளுக்கான எழுத்து அட்டை. 247 எழுத்தும் நெருக்கமாய் அச்சிட்டது. அதில் ஓர் எழுத்தைக் காட்ட அவர் விரல் நடுங்கி அலைந்தது. மேலைநாட்டார் எழுத்துப் பலகை அமைக்க 26 எழுத்தை வரிசையில் இட்டால் போதும். நமக்கோ எழுத்து மிகுதி என்று சோர்ந்திருந்தபோது, நாம் வகுப்பில் உருப்போட வைக்கும் இலக்கணமே கைகொடுத்தது. மெய் 18, வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. அவை மூன்று வரிசைகள். உயிர் 12, குறில் ஐந்து, நெடில் ஏழு. அவை இரண்டு வரிசைகள். உடனிருப்பவர் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுக்கொண்டே வர, வேண்டிய வரிசை வந்ததும் அவர் கண்ணிமைத்தால் போதும். பிறகு அவ்வரிசைக்குள் எழுத்து. மெய்யைக் காட்டியபின் உயிரைக் காட்டினால் உயிர்மெய் பிறந்துவிடும். 247 கட்டங்களுக்கு மாறாக 30 கட்டங்கள், அவற்றோடு ஆய்தம். ஓரத்தில் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றையும் இட்டோம்; தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க. ஹாஜியார் வீட்டிலும் ராஜா வீட்டிலும் நோயாளி இருப்பார். அட்டையின் பின்புறம் ‘தண்ணீர்’, ‘சளி’, ‘வலிக்கிறது’, ‘புரட்டிப் படுக்கவை’, ‘கொசு’ என அன்றாடச் சொற்கள். நம் முதுகலை மாணவியர் இருவர் ஒரு பிற்பகலில் இதனை வரைந்து முடித்தனர். செலவு ஓர் அட்டையும் இரண்டு எழுதுகோலும்.

கல்லூரிகளின் கடமை இவ்வளவில் அமையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. தசைச் சிதைவு நோயும் பார்க்கின்சன் நோயும் அதில் பெயர் சுட்டப்பட்டுள்ளன. இயக்க நரம்பணு நோய் பெயர் சுட்டப்படவில்லை. எனவே இந்நோயுற்றோர் கைகால் இயக்கக் குறைபாடு, செவிப்புலன் குறைபாடு என்றவாறு வேறு தலைப்புகளின் கீழ்ச் சான்று கேட்டு நிற்க வேண்டியுள்ளது. இது திருத்தப்பட வேண்டும். தேர்வு எழுத உதவியாளரைப் பெறும் உரிமையைப் பொறுத்தவரை, 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுதும் கை பிடிப்புற்று இயங்காத ஒருவர்க்கு 40 விழுக்காட்டுக் குறைபாட்டுச் சான்று இல்லையெனினும் அவ்வுரிமை உண்டு என்று தீர்ப்பளித்துள்ளது. கையெழுத்துச் சிதைந்த மாணவரைக் கண்டால் மதிப்பெண்ணைக் குறைப்பதற்கு முன் அவரைத் தனியே அழைத்துக் கேட்கும் வழக்கத்தை ஆசிரியர் நாம் ஏற்படுத்திக்கொள்ள இத்தீர்ப்புக்கூடத் தேவையில்லை. 

நம் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். அமரவும் இயலாதவர் படுத்துத் தொழலாம். குனிதற்கும் சிரம்பணிதற்கும் தலையசைவே போதும் என்று மார்க்கம் இலகுவாக்கி வைத்திருப்பதைச் சிறுபிள்ளையும் அறியும். இறைவன் தன் தொழுகையில் வழங்கிய இச்சலுகையை நாம் நம் வருகைப் பதிவேட்டில் வழங்கவில்லை. அய்யூப் நபி அவர்களின் பொறுமையை நோயாளிக்கு எடுத்துரைப்பதில் நாம் குறை வைப்பதில்லை. அப்பொறுமைக்குத் துணையாக ஒரு சக்கர நாற்காலியோ, சளியை உறிஞ்சும் கருவியோ வேண்டுமே என்று எண்ணுவதில்தான் குறை. ஜமாஅத்துகளின் பைத்துல்மாலில் இத்தகைய கருவிகள் இரண்டொன்றை வாங்கி வைத்து, எம்மதத்தவராயினும் கேட்டவர்க்கு இரவல் தரலாம். வீடு தேடிவரும் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இடம்பெற்றுள்ளன. அதனைக் கேட்டுப் பெறலாம் என்ற செய்தியை ஜும்ஆ நாளில் அறிவிக்கலாம். நோயாளியைத் தூக்கிப் புரட்டிப் புரட்டித் தம் இடுப்பொடிந்து போன தாயர்க்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு கொடுக்க நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் முன்வரலாம். இவையெல்லாம் பெருஞ்செலவுடையன அல்ல.

அட்டையோடு இரண்டாம் முறை அடி அண்ணாமலை சென்றபோது அவர் தாயார் வரிசைகளைத் தொட்டுக் காட்ட, அவர் இமைத்து எழுத்துக் கூட்டினார். முதலில் ‘இடையினம்’ என்பது அத்தாயார்க்குப் பிடிபடவில்லை, “மூணாவது வரிசைன்னு சொல்லேன் சார்” என்றார், அப்படியே ஆயிற்று. ஏதேனும் வேண்டுமா என்று நாம் கேட்டதற்கு, அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு அவர் கூட்டிய தொடர், ‘முதல் மூன்று பருவ மதிப்பெண் பட்டியல்’. அஞ்சல்வழியில் பட்டத்தை முடிக்க எண்ணுகிறார். நம் அலுவலகத்தின் பழைய பெட்டியில் பட்டியல்கள் அப்படியே கிடந்தன. மூன்றாம் பருவத்தில் நம் தாளுக்கு நாம் இட்ட அகமதிப்பீட்டு மதிப்பெண் மிகக் குறைவு. இவ்வாண்டுகளுக்குப் பின்னும் பழைய பருவங்களை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பல்கலைக்கழகத்திற்கு எழுதியுள்ளோம், மறுமொழி வரவேண்டும். பட்டியல்களை நேரில் கொடுக்க இம்மாத முழுநிலவு கழிந்த மறுவாரம் செல்கிறோம். முழுநிலவு நாளில் அச்சாலையில் பேருந்து செல்லாது. அவர்களுக்கும் அன்றுதான் கடையில் வியாபாரம்.